பொகோட்டாவில் காத்திருக்க விருந்தினர் இல்லமா, வாடகை வீடா?

கொலம்பியாவில் எட்டு, பத்து வயதுப் பிள்ளையைத் தத்தெடுக்கும் வெளிநாட்டுப் பெற்றோர், பிள்ளையைச் சந்தித்த மறுநாளே ஊர் திரும்ப முடியாது. நீதிமன்றத் தீர்ப்பு, புதிய பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், விசா என்று வாரக்கணக்கில் அங்கேயே இருக்க வேண்டும். தலைநகர் பொகோட்டாவில் எங்கே தங்குவது?

செலவு
இல்லம்: நாள் கணக்கு, பெரும்பாலும் சாப்பாட்டோடு.
வீடு: மாதக் கணக்கில் பேசினால் மலிவு. தீர்ப்பு சீக்கிரம் வந்தால் மிச்ச வாடகை போனதுதான்.

உதவி
இல்லம்: ஸ்பானிஷ் பேச ஆள் உண்டு, பக்கத்து அறையிலேயே இன்னொரு தத்துக் குடும்பம் இருக்கலாம். பொகோட்டா 2,640 மீட்டர் உயரம். முதல் சில நாள் தலைவலியோடு படுத்திருக்கும்போது யாராவது சூடாகச் சூப் கொடுத்தால் அதுவே பெரிய விஷயம்.
வீடு: எல்லாம் நீங்களே.

பிள்ளை
இதுதான் எனக்கு முக்கியம். காப்பகத்தில் வளர்ந்த பிள்ளைக்குப் பொதுச் சாப்பாட்டு அறையும் நேரத்துக்கு மணியும் இன்னொரு காப்பகம் போலவே தெரியலாம். வீட்டில் ஃபிரிட்ஜைத் தானே திறக்கலாம், அரெப்பா என்ற சோள ரொட்டி சுடுவது எப்படி என்று உங்களுக்குச் சொல்லித் தரலாம், கதவைச் சாத்திக்கொண்டு அழவும் செய்யலாம். ஞாயிறு காலை சிக்லோவியாவுக்காக, அதாவது சைக்கிள் ஓட்டவும் நடக்கவும், கார்களுக்குச் சாலைகளை மூடும்போது சேர்ந்து சைக்கிள் ஓட்டுங்கள்.

சரி, ஸ்பானிஷ் தெரியாது, முதல் பிள்ளை என்றால் இல்லம். ஓரளவு மொழி தெரியும், பிள்ளை பெரியவன் என்றால் வீடுதான். எதுவானாலும் நடுவில் இடம் மாற்றாதீர்கள், ஏற்கெனவே போதுமான தடவை மாறியாகிவிட்டது அந்தப் பிள்ளைக்கு.