பைக்குக்குப் பின்னால் ட்ரெய்லர் மாட்டியிருப்பவர்கள் ஒருமுறை கொக்கியைக் குனிந்து பாருங்கள்

போன மாதம் ஆனைமலையிலிருந்து பொள்ளாச்சிக்கு வரும்போது, வாய்க்கால் பாலத்து இறக்கத்தில் என் ட்ரெய்லர் பைக்கிலிருந்து கழன்று ஓடியது. அதில் 90 இளநீர். எதிரே சைக்கிளில் இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர்களுக்கு நாலைந்து அடி தள்ளிப் போய் வேப்பமரத்தில் மோதிக் கவிழ்ந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு நின்று அழுதாள். அந்த அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

தோப்பில் இளநீர் வாங்கி ரோட்டோரம் விற்பது என் தொழில். ஒரு பழைய ஸ்ப்ளெண்டர் இருக்கிறது. தினமும் ஆட்டோவுக்கு வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. பைக்குக்கு ட்ரெய்லர் செய்து தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனேன். "300 கிலோ தாராளமா ஏத்துங்கண்ணா, நான் பொறுப்பு" என்றார் பட்டறைக்காரர். 22,000 ரூபாய் பேசினோம். பாதுகாப்புச் சங்கிலிக்கும் பின்விளக்குக்கும் சேர்த்துத்தான் அந்த விலை. பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி போட்டா இன்னும் ஏறும்ங்ணா, எதுக்கு வீண் செலவு" என்று ஒரு துண்டுச் சீட்டில் கணக்கு எழுதிக் கொடுத்தார். வண்டியை எடுக்கப் போன அன்று சங்கிலியும் இல்லை, விளக்கும் இல்லை. "அடுத்த வாரம் வாங்க, மாட்டித் தர்றேன்" என்றார். முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

கவிழ்ந்த வண்டியைத் தெரிந்த லேத் பட்டறை அண்ணனிடம் காட்டிய பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

முதலில் கொக்கி. டிராக்டருக்குப் போடுவதுபோல இரண்டு தகடு, நடுவில் ஓட்டை, அதில் ஒரு பின். டிராக்டர் வளைவில் சாயாது, பைக் சாயும். பைக் சாயும்போது இரண்டு சக்கர ட்ரெய்லர் நிமிர்ந்தே நிற்கும். அந்த முறுக்கு முழுவதும் தகட்டிலும் வெல்டிங்கிலும்தான் இறங்கும். அதனால் பைக் கொக்கி பக்கவாட்டில் திரும்பவும் மேலும் கீழும் அசையவும் வேண்டும், அதோடு உருளவும் வேண்டும். இந்த மூன்று அசைவுக்கும் இடம் கொடுக்கும் இணைப்பு இல்லாமல் இது நடக்காது. எனக்குப் போட்டிருந்த பின்னோ கட்டட வேலைக்கு வாங்கும் முறுக்குக் கம்பியில் வெட்டிய துண்டு. அதன் அடியில், பின் கழலாமல் பூட்டும் காட்டர் பின் இருக்க வேண்டிய ஓட்டையில் கட்டுக்கம்பியைச் சுற்றி விட்டிருந்தார். பாலத்தடியில் அந்தக் கட்டுக்கம்பியைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். எல்லா இடமும் துரு, அறுந்த முனை மட்டும் பளபளவென்று இருக்கிறது. ஒவ்வொரு வளைவிலும் மடங்கி மடங்கி அன்றைக்கு அறுந்திருக்கிறது.

அந்தத் தகட்டையும் சேஸிஸில் பிடிக்கவில்லை, கேரியரில் வெல்டு வைத்திருந்தார். கேரியர் பை வைப்பதற்கு உள்ள சாமான். இரண்டு போல்ட்டில் நிற்கிற அதை நம்பி 200 கிலோவை இழுத்திருக்கிறேன்.

சங்கிலி இருந்திருந்தால் பின் கழன்றும் ட்ரெய்லர் ஓடியிருக்காது. இரண்டு சங்கிலியை ஏர்க்காலுக்கு, அதாவது ட்ரெய்லரிலிருந்து கொக்கிக்கு நீளும் தண்டுக்கு, அடியில் குறுக்காக மாற்றி மாட்டினால், கொக்கி விட்டாலும் ஏர்க்கால் தரையில் குத்தாமல் அந்தச் சங்கிலி மேலேயே தொட்டில் மாதிரி நிற்கும். சில நூறு ரூபாய் சாமான் அது.

கழல்வதற்கு முன்னால் ட்ரெய்லர் வாலை ஆட்டியது. அதற்குக் காரணம் சொன்னது என் அப்பா. அவர் அந்தக் காலத்தில் மாட்டுவண்டி ஓட்டியவர். வண்டியைப் பார்த்த உடனே, "பின்பாரம்டா இது. மாட்டுவண்டியா இருந்தா நுகத்தடி மேலே தூக்கி மாட்டுக் கழுத்தே இறுகியிருக்கும்" என்றார். அளந்து பார்த்தோம். பெட்டியின் நடுவுக்கும் முன்னால் தள்ளி அச்சை வைத்திருக்கிறார். பட்டறையில் ஏர்க்காலை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டி, "எவ்வளவு லேசா இருக்கு பாருங்க" என்றாரே, அது இதனால்தான். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியில் அழுந்த வேண்டும். பாரம் அச்சுக்குப் பின்னால் விழுந்தால், வேகம் ஏற ஏற வால் ஆடும். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் இன்னும் மோசம்.

அந்த 300 கிலோ கணக்கே பெரிய பொய். பிரிட்டனில் 125 சிசிக்கு மேற்பட்ட பைக்தான் ட்ரெய்லர் இழுக்கலாம். அதுவும் சுமையோடு 150 கிலோ அல்லது பைக் எடையில் மூன்றில் இரண்டு பங்கு, இதில் எது குறைவோ அவ்வளவுதான். என் வண்டி சுமார் 110 கிலோ, 97.2 சிசி. அங்கே அதற்கு அனுமதியே கிடையாது.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனேன். முதலில் "ஓவர்லோடு" என்றார். அவர் சொன்ன 300 கிலோவை நினைவுபடுத்தினேன். அப்புறம் குரலை மாற்றி, "கேஸ் போட்டா உங்க மேலதான் வரும். ஆர்.சி.யில ட்ரெய்லர் இல்லையே" என்றார். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் ட்ரெய்லரும் ஒரு வண்டிதான், பதிவு வேண்டும். 52ஆம் பிரிவுப்படி ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றவும் கூடாது. இதெல்லாம் அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. பணம் வாங்கும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாராவது செத்திருந்தால் இன்சூரன்ஸ்காரன் கைவிரித்திருக்கலாம், நான் ஜெயிலுக்கும் போயிருக்கலாம்.

துண்டுச் சீட்டு, படங்கள், பணம் அனுப்பிய ஜிபே விவரம் எல்லாவற்றையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தயார் செய்கிறேன். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வாங்கியவரும் நுகர்வோர்தான். சந்தேகம் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துக் கேட்கலாம்.

இந்தப் பக்கம் இதே மாதிரி வண்டி இன்னும் எத்தனையோ ஓடுகிறது. உங்கள் கொக்கியின் பின்னுக்கு அடியில் கட்டுக்கம்பி இருந்தால் நாளைக் காலைச் சுமையை ஏற்றாதீர்கள்.