திருக்கடலூர் ஓட்டு வீடு: 6 இலட்சம் போயிட்டுது, நீங்களாவது பார்த்துச் செய்யுங்க

வயிறு எரியுது. எழுதாமப் படுத்தா நித்திரை வராது. ஒரு பழைய வீட்டுக்கு அட்வான்ஸ் எண்டு 6 இலட்சம் குடுத்து ஏமாந்து நிக்கிறன்.

வீடு, காணி விக்கிற ஒரு இணையத்தளத்திலதான் விளம்பரத்தைக் கண்டன். திருகோணமலையில திருக்கடலூர்ப் பக்கம், 9 பேர்ச் காணி, ரெண்டு அறை, சீமெந்துத் தரை, ஓட்டுக்கூரை. மழைக்கு ஒழுகும், அது பரவாயில்ல. வளவுக்குள்ள கிணறு. கடலுக்குக் கிட்ட இருந்தும் தண்ணியில உப்பில்ல. வாளியில அள்ளிக் குடிச்சுப் பார்த்த மனுசி, இந்த வீடுதான் எண்டு அப்பவே முடிவெடுத்திட்டா.

தரகர் நல்ல மரியாதையான ஆள். சொந்தக்கார அம்மா கனடாவில, அவவுக்காக வீட்டை விக்கிற அதிகாரம், அதான் அற்றோணித் தத்துவம், தன்ட பேரில எண்டு முத்திரை குத்தின பத்திரத்தைக் காட்டினார். நான் கொஞ்சம் இழுத்தன். "தம்பி, நம்பிக்கை இல்லாட்டி விடுங்க, இன்னும் ரெண்டு பேர் கேட்டுக்கொண்டு நிக்கிறாங்க" எண்டவர், வெள்ளிக்கிழமை காளி கோயிலடிக்கு வரச் சொன்னார். பத்ரகாளி அம்மன் வாசல்ல வைச்சுக் காசை எண்ணி வாங்கி, கண்ணில ஒத்திக்கொண்டார். அம்மாளுக்கு முன்னால ஆராவது களவு செய்வானா எண்டு நினைச்ச மடையன் நான். 6 இலட்சத்துக்குக் கையில கிடைச்சது முத்திரை ஒட்டின ஒரு துண்டு.

ரெண்டு கிழமை கழிச்சு, கூரையைக் காட்ட மேசனோட போனன். பக்கத்து வீட்டு ஆச்சி கேக்கிறா: "ஆரு மகன் வித்தது? அவ கனடாவில செத்து ரெண்டு வருசமாகுதே!"

லோயரிட்ட ஓடினன். எழுதிக் குடுத்தவ செத்தா அற்றோணித் தத்துவமும் அதோட சரி எண்டார். காணி விற்பனை உடன்படிக்கையை, உறுதிப் பத்திரம் எழுதுற நொத்தாரிசுக்கும் ரெண்டு சாட்சிக்கும் முன்னால ஒப்பமிட வேணும் எண்டு 1840ஆம் ஆண்டுச் சட்டமே இருக்காம். அந்தத் துண்டை வைச்சு வீட்டைக் கேக்க ஏலாது, காசுக்கு வழக்குப் போடலாம், அவ்வளவுதான்.

தரகருக்கு எடுத்தா முதல்ல "நாளைக்கு வாறன் தம்பி". பிறகு "கொழும்பில நிக்கிறன்". பிறகு "காசைக் கனடாவுக்கு அனுப்பியாச்சு". ஆருக்கு, செத்தவவுக்கா? இப்ப போன் ஓஃப். இணையத்தளத்துக்கு எடுத்தா ஒரு பிள்ளை இனிமையா, "நாங்க விளம்பரம் மட்டும்தான் போடுறம் சேர்." மூண்டு தரம் எடுத்தன், மூண்டு தரமும் அதே வசனம். 6 இலட்சம்! சீட்டுக் காசும், மனுசிட நகையை அடகு வைச்ச காசும்.

வீடு வாங்குற ஆக்களுக்கு விபரமா எழுதத்தான் தொடங்கினன், மனம் ஓடுதில்ல. காணிப் பதிவகத்தில உறுதியைத் தேடிப் பார்க்காமச் சதம் குடுக்காதீங்க. சொந்தக்காரர் வெளிநாட்டில எண்டா வீடியோ கோலில ஆளைக் காட்டச் சொல்லுங்க. பக்கத்து வீட்டில முதல்லயே விசாரிங்க.

அந்த விளம்பரம் இண்டைக்கும் அப்படியே கிடக்கு. விலையில 5 இலட்சம் குறைச்சிருக்கிறாங்க.