கனடா கோர்ட்டில் கேஸ் போடுகிறேன் என்று வாங்கிய 1,85,000 ரூபாய்

தம்பியின் கனடா ஸ்டடி பெர்மிட் ரிஜெக்ட் ஆனதை எதிர்த்து அங்கே ஃபெடரல் கோர்ட்டில் கேஸ் போட்டுத் தருகிறேன் என்று நாகர்கோவிலில் ஒரு 'இமிகிரேஷன் வக்கீல்' எங்களிடம் 1,85,000 ரூபாய் வாங்கினார். அப்படி ஒரு கேஸே போடவில்லை என்று போன வாரம் உறுதியாகிவிட்டது. பெயரை வெளியே சொன்னால் அவதூறு கேஸ் போடுவேன் என்று போனிலேயே மிரட்டுகிறார். அந்தக் கேஸை மட்டும் தாமதம் இல்லாமல் போட்டுவிடுவார் போல. அதனால் பெயர் எழுதவில்லை. மாடியில் ஏசி ஆபீஸ், கீழே நாலைந்து நாட்டுக் கொடியும் தராசும் போட்ட போர்டு, பேப்பருக்குள் வைத்து வீடு வீடாகப் போகும் நோட்டீஸ். இந்த மாதிரி இடங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நவம்பர் முதல் வாரம் ரிஜெக்ட் லெட்டர் வந்தது. படிப்பு முடிந்ததும் கனடாவை விட்டுத் திரும்பிப் போவார் என்ற நம்பிக்கை அதிகாரிக்கு வரவில்லை என்று வழக்கமாக எழுதும் அதே வரி. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பார்கள். அப்பாவே சவூதியில் வேலை பார்த்தவர்தான். ஆனால் ரிஜெக்ட் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. மாமாவின் கூட்டுக்காரர் ஒருவர்தான் இந்த ஆபீசைச் சொன்னார்.

அந்த முதல் நாளைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் மனுஷன் பேசியது அப்படி. ஹேங்கரில் கறுப்புக் கோட்டு, அலமாரி நிறைய தடித்த புத்தகங்கள். லெட்டரை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார். "இதை யாரு அப்ளை பண்ணினது? இப்படியா ஸ்டேட்மெண்ட் எழுதுவாங்க?" என்று பழைய ஏஜெண்டைத் திட்டினார். எங்களுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது, கடைசியில் விஷயம் தெரிந்த ஆளிடம் வந்துவிட்டோம் என்று. அப்பாவைப் பார்த்து, "அண்ணாச்சி, வெளிநாட்டுல இருந்து கேஸ் போடுறவங்களுக்கு 60 நாள்தான் டைம். நாம அடுத்த வாரமே போட்டிரலாம். டொரண்டோவில நம்ம பார்ட்னர் வக்கீல் இருக்காரு" என்றார்.

அந்த 60 நாள் கணக்கு சரிதான். பிறகு விசாரித்ததில் தெரிந்தது, கனடாவுக்கு வெளியே எடுத்த முடிவை எதிர்த்து ஃபெடரல் கோர்ட்டுக்குப் போக 60 நாள்தான் அவகாசம். உள்ளே இருப்பவர்களுக்கு 15 நாள். ஆக அந்த ஆளுக்குச் சட்டம் தெரியும். கெடு தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்த நாட்களை ஓட்டினார். எனக்கு ஆத்திரமே இதில்தான்.

மறுபடியும் அப்ளை பண்ணினால் என்ன சார் என்று தம்பி கேட்டான். "அப்படிப் பண்ணினா 5 வருஷம் பான் விழும் மக்ளே, விளையாடாதே" என்றார். பச்சைப் பொய். 5 வருடத் தடை என்பது பொய்த் தகவல், போலி ஆவணம் கொடுத்து மாட்டியவர்களுக்கு. வெறும் ரிஜெக்ட் ஆனவர்கள் திருத்தி மறுபடி அப்ளை பண்ணலாம், கட்டணம் 150 கனடா டாலர். இன்னொன்றும் சொன்னார்: கோர்ட் ஆர்டர் வந்தால் விசா தானாக ஸ்டாம்ப் ஆகிவிடுமாம். அங்கே முதலில் கேஸை எடுத்துக்கொள்ளவே கோர்ட் அனுமதி தர வேண்டும். ஜெயித்தாலும் விண்ணப்பம் வேறொரு அதிகாரியிடம் திரும்பப் போகும், அவ்வளவுதான். அவர் மறுபடியும் முடியாது என்று சொல்லலாம்.

அம்மாவின் தாலிச் செயினைச் சொசைட்டியில் வைத்து முதலில் ஒரு லட்சம் ரொக்கமாகக் கொடுத்தோம். அப்புறம் 60,000 ஜிபேயில். அதுவும் ஆபீஸ் கணக்குக்கு இல்லை, வேறு ஒரு பெண்ணின் பெயருக்கு. பில் கேட்டேன். "பில் போட்டா 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும் மக்ளே, உங்களுக்குத்தான் நஷ்டம்" என்று சிரித்தார். லெட்டர்ஹெட்டில் 'ஆலோசனைக் கட்டணம்' என்று ஒரு வரி எழுதித் தந்தார், எந்த வழக்கு என்று அதில் இல்லை. பிறகு அதிகாரி எழுதிய உள்குறிப்பை எடுக்க வேண்டும் என்று இன்னொரு 25,000. ஜிசிஎம்எஸ் நோட்ஸ் என்பார்கள். கனடாவில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் தகவல் கேட்டு விண்ணப்பித்தால் அதற்கு 5 டாலர், நம்ம பைசாவில் முந்நூறு சொச்சம். ஃபெடரல் கோர்ட்டில் கேஸ் போடும் கட்டணம் 50 டாலர், மூவாயிரத்துச் சொச்சம். அங்கே உள்ள வக்கீலின் ஃபீஸ் தனி, அது பெரிய தொகைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வக்கீல் என்று ஒருவர் இருக்க வேண்டுமே! மொத்தம் 1,85,000 ரூபாய் கொடுத்த பிறகும் அந்த டொரண்டோ பார்ட்னரின் பெயரைக்கூட எங்களுக்குச் சொல்லவில்லை.

அப்புறம் ஆரம்பித்தது சாக்கு. போன் பண்ணினால், கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா, ஆபீஸ் லீவு. அடுத்து, மதுரை ஹைகோர்ட்டில் இருக்கேன், சாயங்காலம் கூப்பிடுறேன். சாயங்காலம் கூப்பிட்டால், இப்போதான் கனடாவில் விடியுது, ஆள் ஆபீசுக்கு வரட்டும். அங்கே ஆள் ஆபீசுக்கு வரும் நேரத்தில் இங்கே இவருக்குத் தூக்கம் வந்துவிடும். பிறகு கிறிஸ்துமஸ். பிறகு சுசீந்திரம் தேரோட்டம், உள்ளூர் விடுமுறை. கனடா கோர்ட்டில் ஆன்லைனில் ஒரு மனு போட சுசீந்திரத்தில் தேர் நிலைக்கு வர வேண்டுமாம்! ஜனவரி முதல் வாரத்தோடு 60 நாள் முடிகிறதே சார் என்று நான் மெசேஜ் போட்டதற்கு நீல டிக் மட்டும் விழுந்தது. நேரில் போய் நின்றபோது, "ஃபைல் ஆயாச்சு மக்ளே, ஒண்ணும் பேடிக்காண்டாம். பொங்கல் கழியட்டும், நம்பர் வந்திரும்" என்றார். உள்ளே உட்கார்ந்துகொண்டே சார் வெளியே போயிருக்கிறார் என்று ரிசப்ஷன் பெண்ணைச் சொல்ல வைத்ததும் நடந்தது. ஏசி அறைக்குள் அவர் போனில் சத்தமாகப் பேசுவது வெளியே எங்களுக்குக் கேட்கிறது!

பொங்கல் கழிந்து ஒரு பிடிஎஃப் அனுப்பினார். மேலே கோர்ட் பெயர், கீழே ஒரு கேஸ் நம்பர். கனடாவில் பிராம்ப்டனில் இருக்கும் என் சித்தி மகனுக்கு அதை அனுப்பினேன். அந்தக் கோர்ட்டின் வெப்சைட்டில் யார் வேண்டுமானாலும் நம்பரையோ பெயரையோ போட்டுத் தேடலாம். அவன் தேடினான். அந்த நம்பரில் இருந்தது வேறு யாரோ ஒருவரின் கேஸ். தம்பி பெயரில் ஒன்றும் இல்லை. வக்கீலிடம் கேட்டால், "டைப்பிங் மிஸ்டேக்" என்றார்.

சரி, பைசாவைத் திருப்பிக் கொடுங்கள் என்றோம். குரல் மாறிவிட்டது. அதுவரை அண்ணாச்சி, மக்ளே. இப்போது, "வக்கீல் ஃபீஸ் ரீஃபண்ட் கிடையாது, எங்க வேணும்னாலும் போங்க." அப்பா ஒன்றும் பேசாமல் படி இறங்கினார். வீட்டுக்கு வந்த பிறகும் பேசவில்லை.

போனோம். ஸ்டேஷனில் இருந்து அவருக்குப் போன் போட்டுக் கேட்டபோது அவர் சொன்ன பதிலைக் கேளுங்கள்: "சார், நான் வக்கீலா எதுவும் செய்யலை. இது கன்சல்டன்சி. டாக்குமெண்ட் பார்த்துக் கொடுத்தேன், அதுக்கு ஃபீஸ் வாங்கினேன்." எங்களிடம் வக்கீல், போலீசிடம் கன்சல்டன்சி. கடைசியில் இது சிவில் மேட்டர் என்று சொல்லி அனுப்பினார்கள். எஸ்.பி. ஆபீசுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

இந்த இரட்டை வேஷத்துக்குக் காரணம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த ஒரு வக்கீல் அக்கா விளக்கினார். வக்கீலின் சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் கோர்ட்டில் போக முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே 14-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வக்கீல் என்றால் பார் கவுன்சிலுக்குத்தான் புகார் அனுப்ப வேண்டும், 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி அவர்கள்தான் விசாரிப்பார்கள். ஆக, ஆளைப் பார்த்துக் கோட்டைப் போடுவதும் கழற்றுவதும். ஆனால் கன்சல்டன்சி என்று அவரே ஒத்துக்கொண்டதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடலாம் என்கிறார் அந்த அக்கா. 5 லட்சம் வரை அங்கே புகார்க் கட்டணம் கிடையாது. எழுதிக்கொண்டிருக்கிறோம். பார் கவுன்சிலுக்கும் அனுப்பப் போகிறோம், அவர் பெயர் அங்கே பதிவில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. வக்கீல்கள் விளம்பரம் செய்யவே கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறதாம். கொடி போட்ட போர்டும் நோட்டீசும் எந்தக் கணக்கில் வரும் என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

என்னவெல்லாம் கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போது கைக்கு வருவதை மட்டும் சொல்கிறேன்.

கனடா விஷயத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்லவோ விண்ணப்பம் போடவோ அந்த நாட்டில் லைசன்ஸ் உள்ளவர்களுக்குத்தான் உரிமை. ஒன்று அங்குள்ள மாகாண வக்கீல் சங்கத்தில் உறுப்பினர், இல்லை என்றால் அங்கே இமிகிரேஷன் கன்சல்டண்ட்டுகளுக்கு லைசன்ஸ் தரும் அமைப்பில் (பெயர்தான் 'காலேஜ்', படிக்கிற இடம் இல்லை) பதிவு பெற்றவர். இரண்டு பட்டியலும் இணையத்தில் இருக்கிறது, பெயரைக் கேட்டு அங்கேயே உட்கார்ந்து தேடுங்கள். கோர்ட் கேஸ் என்றால் கன்சல்டண்ட் போதாது, அங்குள்ள வக்கீல்தான் வேண்டும். உங்கள் சார்பில் விண்ணப்பம் போடுகிறவர் ஐஎம்எம் 5476 என்ற படிவத்தில் தன் பெயரைப் போட்டுக் கையெழுத்திட வேண்டும். அதைக் காட்டச் சொன்னாலே பாதிப் பேர் பேச்சை மாற்றுவார்கள்.

வளைகுடா வேலைக்குப் போகிறவர்கள் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் ஏஜெண்டின் பதிவைப் பாருங்கள். அவர்கள் வாங்கலாம் என்று அரசு வைத்திருக்கும் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். வேறு ஆள் பெயருக்கு ஜிபே பண்ணாதீர்கள். கேஸ் நம்பர் தந்தால் அன்றைக்கே தேடுங்கள்.

60 நாள் தாண்டிவிட்டதால் தம்பிக்கு அந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. நீதிபதி விசேஷக் காரணம் பார்த்து அவகாசம் கொடுத்தால்தான் உண்டு. மறுபடி விண்ணப்பிக்கலாம், ஆனால் அதற்கு வைத்திருந்த பைசாதான் இந்த 1,85,000. செயினுக்கு மாதா மாதம் வட்டி ஓடுகிறது.

வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுக்கப் போகிறோம். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் இதே மாதிரி மாடி ஆபீசில் பைசா கொடுத்துவிட்டு நம்பருக்காகக் காத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டையும் லெட்டர்ஹெட் ரசீதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள்.