இரண்டு ஊசியா, கொக்கி ஊசியா?

பள்ளிக்கூடக் கைத்தொழில் வகுப்போடு விட்டுப்போன பின்னலை மறுபடி எடுப்பவர்களுக்கு முதல் குழப்பம் இதுதான்: இரண்டு ஊசியில் போடும் நிட்டிங்கா, ஒற்றைக் கொக்கி ஊசியில் போடும் குரோஷாவா?

திருப்பூர்ப் பக்கம் நிட்டிங் புதிதல்ல. பனியன் துணியை லேசாக இழுத்து உற்றுப் பாருங்கள். 'வி' வடிவக் கண்ணிகள் வரிசையாகத் தெரியும். கையால் பின்னும் ஸ்வெட்டரிலும் அதே அமைப்புதான். 1589-இலேயே வில்லியம் லீ என்ற இங்கிலாந்துக்காரர் இதற்கு மெஷின் செய்துவிட்டார்.

வித்தியாசம் தெரிவது தப்பு நேரும்போதுதான். நிட்டிங்கில் வரிசையின் எல்லாக் கண்ணிகளும் ஊசியிலேயே நிற்கும். ஒன்று நழுவினால் ஏணிபோல் கீழே பிரிந்துகொண்டே போகும். பதறி எல்லாவற்றையும் உருவ வேண்டாம். நழுவிய கண்ணிக்குள் கொக்கி ஊசியை முன்பக்கமாக நுழைத்து, மேலே கிடக்கும் குறுக்கு நூல்களை ஒவ்வொன்றாக இழுத்தெடுத்தால் பழைய இடத்துக்கு ஏறிவிடும். (ஆக, நிட்டிங் போடுபவருக்கும் ஒரு கொக்கி ஊசி வேண்டும்!) குரோஷாவில் பெரும்பாலும் ஒரே கண்ணிதான் ஊசியில் இருக்கும், தப்பு வரை உருவிவிட்டு அங்கிருந்து தொடரலாம். ஆனால் வரிசை முடிவில் ஓரக் கண்ணியை விட்டுக்கொண்டே வந்தால், சதுரம் குறுகி முக்கோணமாகிவிடும்.

குரோஷாவுக்கு நூல் கூடுதலாக ஆகும், துணியும் தடிப்பு. கோயமுத்தூர் வெயிலுக்கு உல்லனைவிடக் காட்டன் நூல் சரி. ஆனால் அது அவ்வளவாக நெகிழாது, இறுக்கிப் போட்டால் விரல் வலிக்கும். மார்கழிக்குக் குழந்தைத் தொப்பி என்றால் நிட்டிங்; பை, மேஜை விரிப்பு என்றால் குரோஷா. விட்ட கையைப் பழக்க, என்னைக் கேட்டால், முதலில் குரோஷாதான்.