வேர்ட் மேக்ரோவால் பத்திர ஃபைல்களைப் பூட்டிவைத்த ஆறு வருஷம்

கிருஷ்ணகிரியில் பத்திரம் எழுதும் அலுவலகம் எங்களுடையது. கிரயம், தான செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, சீசன் வந்தால் மாந்தோப்புக் குத்தகை ஒப்பந்தம். எதையும் வெற்றுப் பக்கத்தில் ஆரம்பிப்பதில்லை. அதே பக்கத்துப் பழைய பத்திரத்தைத் திறந்து பெயரையும் சர்வே எண்ணையும் மாற்றுவோம். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

ஒரு நாள் தட்டச்சு செய்யும் தம்பி பர்கூர்ப் பக்கத்துக் கிரயப் பத்திரம் ஒன்றைத் திறந்து, 'தருமபுரி மாவட்டம்' என்று வந்த இடமெல்லாம் 'கிருஷ்ணகிரி மாவட்டம்' என்று ஒரே தடவையில் மாற்றிவிட்டான். நாங்கள் தனி மாவட்டம் ஆனது 2004 பிப்ரவரியில். அதற்கு முந்தைய மூலப் பத்திரத்தைச் சொல்லும் வரியில் தருமபுரி என்றே நிற்க வேண்டும். 1965-க்கும் முந்தையது என்றால் சேலம். கை பழக்கத்தில் கன்ட்ரோல் எஸ் அழுத்தியதில் பழைய ஃபைலும் போயிற்று. அச்சுப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழுசாக மறுபடி அடித்தோம்.

அன்றைக்கு எழுதியதுதான் இந்த மேக்ரோ, அதாவது வேர்டுக்குள் ஓடும் சின்ன புரோகிராம். பத்திரம் முடிந்ததும் ஒரு பட்டன். சேமித்து, மூடி, ஃபைலை ரீட் ஒன்லி ஆக்கிவிடும். அப்புறம் யார் திறந்து திருத்தினாலும், சேமிக்கும்போது வேர்ட் வேறு பெயர் கேட்கும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மேக்ரோ எழுதும் மொழியான விபிஏ-வில் இதற்கு, ஃபைலின் குறிகளை மாற்றும் செட்அட்ர் என்ற கட்டளை உண்டு. திறந்திருக்கும் ஃபைலில் அது பிழை காட்டும். அதனால் மூடும் முன்பே ஃபைலின் முழுப் பாதையை ஒரு வேரியபிளில் எடுத்துவைக்க வேண்டும். மேக்ரோவும் அந்த ஃபைலுக்குள் இல்லாமல், வேர்டின் பொது வார்ப்பான நார்மல் டெம்ப்ளேட்டில் இருக்க வேண்டும். இவ்வளவும் ஒரே சாயங்காலத்தில் முடிந்தது.

என்னை உண்மையில் அலைக்கழித்தது தமிழ்ப் பெயர்கள். ஆங்கிலத்தில் பெயர் வைத்த ஃபைல்கள் பூட்டிக்கொண்டன. 'கிரயம் பர்கூர்' என்று தமிழில் வைத்ததெல்லாம் பிழை. டிர் கட்டளையில் பட்டியல் எடுத்துப் பார்த்தால் எழுத்துக்குப் பதில் வரிசையாகக் கேள்விக்குறிகள். விபிஏ-வின் இந்தப் பழைய கட்டளைகள் பெயரை, எல்லா மொழி எழுத்துக்கும் இடமுள்ள யூனிகோடிலிருந்து விண்டோஸின் பழைய குறியீட்டுக்கு மாற்றியே அனுப்புகின்றன, அதில் தமிழுக்கு இடமே இல்லை. ஃபைல்களுக்குப் பெயர் மாற்ற எனக்கு மனசில்லை. ஃபைல்களைக் கையாளும் இன்னொரு கருவியான ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட் வழியாகப் போய், கெட்ஃபைல் தரும் ஃபைலின் அட்ரிபியூட்ஸ் எண்ணை, அதாவது அதன் குறிகளின் கூட்டு எண்ணை, மாற்றினேன். தமிழ்ப் பெயர் அப்படியே எடுபட்டது. தமிழில் பெயர் வைப்பவர்கள் முதலிலேயே இந்த வழிக்கு வந்துவிடுங்கள்.

அடுத்தது நான் செய்த தப்பு. ரீட் ஒன்லிக்கு எண் 1 என்பதால் வெறும் 1 என்று போட்டுவிட்டேன். ஃபைலில் ஏற்கெனவே, இன்னும் பேக்கப் எடுக்கவில்லை என்று காட்டும் ஆர்க்கைவ் குறி, அதாவது 32, இருந்தது, அது அழிந்துபோனது. எங்கள் ராத்திரி பேக்கப், விண்டோஸின் நகல் கட்டளையான எக்ஸ்காபியில் /எம் போட்டு ஓடுவது, ஆர்க்கைவ் குறி உள்ளதை மட்டும் எடுக்கும். பூட்டிய புதுப் பத்திரம் ஒன்றுகூட பேக்கப் ஹார்ட் டிஸ்குக்குப் போகவில்லை! இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது வயிறு கலங்கிவிட்டது. இருக்கும் எண்ணோடு 'ஆர்' போட்டு 1-ஐச் சேர்த்தால் 33 ஆகும், பழைய குறி தங்கும். பூட்டை எடுக்க வேண்டுமானால் 'அண்ட் நாட் 1'.

ஹிடன் குறியும் போட்டுப் பார்த்தேன். ஃபைல் எங்கே என்று எல்லோரும் தேடியதுதான் மிச்சம், எடுத்துவிட்டேன்.

இது பாதுகாப்புப் பூட்டு இல்லை. ப்ராப்பர்ட்டீஸில் ஒரு டிக்கை எடுத்தால் திறந்துகொள்ளும், எக்ஸ்ப்ளோரரில் அழிக்கவும் முடியும். ஆனால் கை தவறிச் சேமிப்பதைத் தடுக்கிறது. ஆறு வருஷத்தில் ஒரு மூல ஃபைலும் கெடவில்லை.

போன வருஷம் கம்ப்யூட்டர் மாற்றி, பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் எடுத்தபோது ஒன்றுகூடப் பூட்டில் இல்லை. எக்ஸ்காபி நகல் எடுக்கும்போது ரீட் ஒன்லி குறியை நீக்கிவிடுமாம், /கே சேர்த்தால்தான் விட்டுவைக்கும். அதைச் சேர்த்துவிட்டு, ஃபோல்டர் முழுவதையும் சுற்றிவரும் இன்னொரு மேக்ரோ எழுதி எல்லாவற்றையும் மறுபடி பூட்டினேன்.