கரப்பான் உள்ள பிள்ளை மல்யுத்தம் பழகினால் எது பொருந்தும்? எண்ணெய், வாசலின், கிறீம்: ஓர் ஒப்பீடு

மல்யுத்தம், ஜூடோ, கபடி மூன்றும் தோலோடு தோல் உரசும் விளையாட்டுகள். கரப்பான் (எக்சிமா என்னும் அரிப்புத் தோல் நோய்) உள்ள பிள்ளைக்கோ அந்தத் தோல்தான் தொல்லை. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் நன்றாகப் பிடி போடும் பிள்ளைகள் சிலர், முழங்கை மடிப்பில் சொறி வந்ததும் "இது ஒட்டும், மெட்டுக்கு (பயிற்சி விரிப்புக்கு) வராதே" என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். கரப்பான் ஒட்டாது. அது கிருமியால் வரும் நோய் இல்லை. பரம்பரையாகவே தோலின் மேலடுக்கு கொஞ்சம் பலவீனமாக இருப்பதால் ஈரம் வெளியே போகிறது, எரிச்சலூட்டும் பொருள்கள் உள்ளே வருகின்றன. ஒட்டுவது அந்த வெடிப்பில் பிறகு குடியேறும் கிருமிதான். அதைத் தடுக்க வழி இருக்கிறது.

வழி சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. அம்மம்மா தேங்காய் எண்ணெய் என்பார், மாஸ்டர் வாசலின் என்பார், மருந்துக்கடைக்காரர் ஒரு ரியூப்பை எடுத்து நீட்டுவார், பரியாரியார் தைலம் காய்ச்சிக் கொடுப்பார். இவற்றில் எது சிறந்தது என்று மொத்தமாகக் கேட்டால் விடை வராது. பயிற்சிக்கு முன்னா, முடிந்த கையோடா, இரவிலா என்று பிரித்துக் கேட்டால் வரும்.

பூசுவது எதை?

2022இல் பிரித்தானியாவில் வெளியான ஓர் ஆய்வில் கரப்பான் உள்ள 550 பிள்ளைகளை நான்காகப் பிரித்து லோஷன், கிறீம், ஜெல், களிம்பு என்று ஒவ்வொன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். பலனில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பிள்ளை எதைத் தினமும் மனமொத்துப் பூசுமோ அதுதான் நல்லது என்பது இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. ஆனால் அந்தப் பிள்ளைகள் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே உருண்டு பிரண்டவர்கள் அல்லர். நம் பிள்ளைகளுக்கு நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வாசலினை முதலில் எடுப்போம். எந்தக் கடையிலும் கிடைக்கும், விலை குறைவு, வாசனை சேர்க்காததை வாங்கினால் வெடித்த தோலிலும் எரியாது. ஈரத்தைப் பிடித்து வைப்பதில் இதற்கு இணை குறைவு. அதே குணம்தான் பயிற்சிக்கு முன் கெடுதலாகிறது. வெக்கையில் வேர்வை வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று, பத்து நிமிடத்தில் அரிப்பு கிளம்பும். பிடி வழுக்கும், மெட்டும் வழுக்கும். போட்டி மல்யுத்தத்தில் உடம்பில் எண்ணெய்ப் பசையோடு இறங்குவதற்கு விதியே இடம் கொடுப்பதில்லை. ஆகவே வாசலின் இரவுக்கு உரியது. படுக்கப் போகும் முன் தாராளமாகப் பூசி, பழைய பருத்தி உடுப்பு ஒன்றைப் போட்டுவிட வேண்டும். ஒரு கவனம்: வாசலினும் மற்றக் களிம்புகளும் ஊறிய துணி தீப்பட்டால் மிக வேகமாகப் பற்றும். அந்த உடுப்போடு விறகடுப்படிக்கோ குப்பி விளக்கடிக்கோ போகக்கூடாது.

தேங்காய் எண்ணெய்க்கு வெறும் பாட்டி வைத்தியம் என்ற பேர் நியாயமில்லை. பிலிப்பைன்சில் 117 பிள்ளைகளிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், எட்டு வாரத்தில் அது கனிம எண்ணெயை (மினரல் ஓயிலை) விட நன்றாக வேலை செய்தது. அங்கே பயன்பட்டது சூடாக்காமல் எடுத்த சுத்தமான எண்ணெய். கொப்பராவை ஆட்டி எடுக்கும் நம் எண்ணெய் அதே பலன் தருமா என்பது வேறு கேள்வி. மெல்லியது என்பதால் வெக்கையில் சீக்கிரம் வழிந்துவிடும். பயிற்சி இல்லாத நாளின் காலைக்கு நான் இதைத்தான் சொல்வேன். சனிக்கிழமை நல்லெண்ணெய் முழுக்கிலும் தப்பில்லை, அதற்குப் பிறகு தேய்க்கும் சீயாக்காய்தான் தோலைச் சுரண்டி வறளவைக்கிறது. ஒலிவ் எண்ணெய் தோலின் மேலடுக்கைப் பலவீனப்படுத்துவதாக ஆய்வில் கண்டிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து மாமா அனுப்பிய போத்தலைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கிறீமில் தண்ணீர் கலந்திருப்பதால் தோலில் இறங்கிவிடும், பிசுபிசுப்பு நிற்காது. பயிற்சிக்கு முன் பூச இதுவே பொருத்தம், அதுவும் ஒரு மணித்தியாலம் முந்தி. குறை என்னவென்றால், கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள்கள் வெடிப்பில் எரியும், சின்னப் பிள்ளை அழும். அக்குவஸ் கிறீம் என்று வருவது சவர்க்காரத்துக்குப் பதிலாகத் தேய்த்துக் கழுவ உதவும், பூசி அப்படியே விட்டால் சிலருக்கு எரிச்சலைக் கூட்டும்.

விலையைப் பேசாமல் இந்த ஒப்பீடு முடியாது. உடம்பெங்கும் கரப்பான் உள்ள பெரிய ஆளுக்கு வாரத்துக்கு 500 கிராம் வரை பூச்சு தேவைப்படும். நம் வீடுகளில் 50 கிராம் கிறீம் ஒன்றை வாங்கி, அதை மாதக்கணக்கில் தொட்டுத் தொட்டு வைக்கிறோம். அந்த அளவுக்கு எந்தப் பூச்சும் பலன் தராது. பெரிய டப்பா வாசலினும் சின்ன ரியூப் கிறீமும் சேர்த்து வாங்குவதே கையைக் கடிக்காத வழி. டப்பாவுக்குள் விரலை விடாமல் சுத்தமான கரண்டியால் தேவையான அளவை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பூசினால், நகத்துக் கிருமி டப்பாவுக்குள் போகாது.

குளிப்பது எங்கே, எப்போது?

பயிற்சி முடிந்ததும் பள்ளிக்கூடக் குழாயடியில் உடனே கழுவுவதா, சைக்கிளில் வீட்டுக்குப் போய்ச் சாவகாசமாகக் குளிப்பதா? சந்தேகமே வேண்டாம், உடனே. கழுத்தடியிலும் முழங்கை மடிப்பிலும் வேர்வை காய்ந்து வெள்ளைக் கோடாக உப்புப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். வீடு போய்ச் சேருமுன் அந்த இடத்தை நகம் கீறி முடித்திருக்கும். சோளகக் காற்றுப் புழுதியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அரை வாளித் தண்ணீர் போதும். துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் முழுக்கப் போகுமுன் கிறீமைப் பூச வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு மறைவான கழுவுமிடம் இல்லாத மைதானங்களில் இது சொல்வதற்குச் சுலபம், செய்வதற்குக் கடினம். கரப்பானைப் பற்றி அக்கறைப்படும் மாஸ்டர் முதலில் கேட்டு வாங்க வேண்டியது நாலு தட்டி அடைத்த ஒரு குளிப்பிடம்.

வன்னியில் பல கிணறுகளின் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது, கேத்திலின் அடியில் வெள்ளை படியும். இந்தத் தண்ணீர்தான் காரணம் என்று எண்ணி வடிகட்டும் கருவிக்குக் காசு சேர்ப்பவர்கள் உண்டு. இங்கிலாந்தில் இப்படிக் கடினமான தண்ணீர் உள்ள இடங்களில் 336 பிள்ளைகளின் பாதி வீடுகளில் தண்ணீரை மென்மையாக்கும் கருவி பூட்டிப் பார்த்தார்கள். 2011இல் முடிவு வந்தது: கரப்பான் அதனால் குறையவில்லை. காசை மிச்சம் பிடித்துச் சவர்க்காரத்தைக் குறையுங்கள். நுரைக்கவில்லை என்று திரும்பத் திரும்பப் போட்டுத் தேய்ப்பதுதான் தோலைக் காயவைக்கிறது. அக்குள், தொடையிடுக்கு, பாதம் தவிர மற்ற இடத்துக்கு வெறும் தண்ணீரும் கைத் தேய்ப்பும் பெரும்பாலும் போதும். கிருமிநாசினிச் சவர்க்காரத்தைக் கரப்பான் தோலில் தினமும் போடாதீர்கள்.

குளமும் வாய்க்காலும் தோலுக்கு இதமாக இருக்கலாம். ஆனால் கீறிய தோலோடு வயல் வாய்க்காலில் இறங்கினால் எலிக்காய்ச்சல் கிருமி அந்த வழியே உள்ளே போகும். தோல் வெடித்திருக்கும் நாளில் கிணற்றடிதான்.

தோலின் கிருமியைக் குறைக்க இணையத்தில் சொல்லப்படும் பிளீச் குளியல் 150 லீற்றர் தொட்டிக்கு அரைக் கோப்பைத் திரவ பிளீச் என்று அளந்து செய்வது. அப்படித் தொட்டி உள்ள வீடு இங்கே எத்தனை? கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளின் வீரியம் வேறு. அதை வாளியில் கரைத்துப் பிள்ளைக்கு ஊற்றவே கூடாது.

எந்த விளையாட்டு, எந்த உடுப்பு?

ஜூடோ உடுப்பு தடித்த பருத்தி. கழுத்துப் பட்டி கரப்பான் கழுத்தை அராவும், ஆனால் கை கால்களை மூடிக் காக்கும். புது உடுப்பைப் பலமுறை தோய்த்து விறைப்புப் போனபின் போடலாம். மல்யுத்தத்தில் கையும் கழுத்தும் முகமும் எதிராளியோடும் மெட்டோடும் நேரே உரசும். கபடியில் தொடுகை கொஞ்ச நேரம்தான், ஆனால் செம்மண் தரையில் முழங்கால் உரிந்துகொண்டே இருக்கும். தோலுக்கு மட்டும் என்றால் ஜூடோ ஒரு படி மேல். பிள்ளைக்குப் பிடித்தது மல்யுத்தம் என்றால் அதையே பழகட்டும், பயிற்சியில் உடம்போடு ஒட்டிய நீளக்கை ரீசேர்ட் போட்டால் சரி. வேர்வை குடித்த பருத்தி பெனியனை விட அது நல்லது, முடிந்ததும் கழற்றி அன்றே தோய்க்க வேண்டும்.

மருந்து: பயம் எங்கே இருக்க வேண்டும்?

கரப்பானின் அழற்சியை அடக்கும் ஸ்டீரொயிட் கிறீம் என்றாலே பெற்றோர் பயப்படுகிறார்கள். பயந்து பயந்து கொஞ்சமாக மாதக்கணக்கில் பூசுவதை விட, கிளம்பிய உடன் டொக்டர் சொன்ன அளவில் நாளுக்கு ஒரு தடவை பூசி அடக்கிவிட்டு நிறுத்துவதே தோலுக்குப் பாதுகாப்பு. ரியூப்பிலிருந்து பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனிக் கணு அளவு பிதுக்கினால் சுமார் அரைக் கிராம். அது, விரல்களையும் சேர்த்து, பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குக் காணும். 1 சதவீத ஹைட்ரோகோர்ட்டிசோன் மென்மையானது. பெட்டாமெதசோன் வீரியமானது, டொக்டர் சொல்லாமல் முகத்தில் பூசக்கூடாது. அடிக்கடி திரும்பி வரும் இடத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பூசும் முறையும் உண்டு, அதை டொக்டரிடம் கேளுங்கள். தேசியப் போட்டிக்குப் போகிறவர்கள் ஊக்கமருந்துச் சோதனைக்குப் பயந்து கிறீமை நிறுத்த வேண்டியதில்லை. தோலில் பூசுவது தடைப் பட்டியலில் இல்லை. அதே வகை மருந்தைப் போட்டிக் காலத்தில் மாத்திரையாகவோ ஊசியாகவோ எடுப்பதுதான் தடை.

உண்மையில் பயப்பட வேண்டியது மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கைக்கு வரும் கலவைக் கிறீமுக்கு. பூஞ்சை மருந்து, கிருமி மருந்து, வீரியமான ஸ்டீரொயிட் மூன்றும் ஒரே ரியூப்பில். முதல் வாரம் அற்புதமாக இருக்கும். மல்யுத்த மெட்டில் படர்தாமரை என்னும் பூஞ்சைத் தொற்று சாதாரணம். அதன் மேல் இந்தக் கிறீமைப் பூசினால் அரிப்பு அடங்கும், பூஞ்சை அடங்காது. வட்ட விளிம்பு கலைந்து, கரப்பானா தாமரையா என்று டொக்டருக்கே தெரியாதபடி பரவும். அதற்குள் கூடப் பழகும் பிள்ளைகளுக்கும் போயிருக்கும். வேறுபாடு பார்க்க: கரப்பான் பெரும்பாலும் இரண்டு பக்க மடிப்பிலும் வரும், பழைய தொல்லை. படர்தாமரை பெரும்பாலும் ஒரு பக்கம், விளிம்பு தடித்துச் செதிலாகி நடு தெளிந்து வட்டமாக விரியும். அமெரிக்க மல்யுத்த விதிகள் தாமரைக்குக் குறைந்தது 72 மணித்தியால மருந்துக்குப் பிறகே மெட்டுக்கு விடுகின்றன. நாமும் அதையே கைக்கொள்ளலாம். நம் நிறத் தோலில் கரப்பான் பெரும்பாலும் சிவப்பாகத் தெரியாது, கருமையாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கும். ஆறியபின் வெளிறிய தழும்பு வந்தால் காலப்போக்கில் நிறம் திரும்பும். வெளிறிய இடத்தில் உணர்ச்சி இல்லையென்றால் அது வேறு கதை, தொழுநோய்க்குப் பரிசோதிக்க வேண்டும். சுகப்படுத்தக்கூடிய நோய், ஒளிக்க வேண்டாம்.

பரியாரியாரின் தைலத்தை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. என்ன சேர்த்தது என்று சொல்பவரிடம் வாங்குங்கள், வெடித்த தோலில் பூசாதீர்கள், ஸ்டீரொயிட்டோடு சேர்த்துப் பூசாதீர்கள். கிரந்தி (சொறியைக் கூட்டும் சாப்பாடு) என்று கத்தரிக்காய், தக்காளி, இறால், முட்டை எல்லாவற்றையும் நிறுத்துவது மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஒரு சாப்பாடு சாப்பிட்ட உடனே தடிப்பு வந்தால் அதை விடலாம். பயிற்சி செய்யும் பிள்ளையின் சோற்றுக் கோப்பையை ஊகத்தில் வெறுமையாக்கக் கூடாது.

எப்போது மெட்டுக்குப் போகக்கூடாது?

காய்ந்த, மூடிய கரப்பானோடு பழகலாம். நீர் வடிந்தால், மஞ்சள் பொருக்குக் கட்டினால் நிறுத்த வேண்டும். கரப்பான் திட்டுகளைச் சோதித்தால் பத்தில் ஏழு பேரிடம் ஸ்டெபிலோகொக்கஸ் கிருமி இருக்கும். வடியும் புண்ணிலிருந்து அது மெட்டுக்கும் மற்றவருக்கும் போகும். பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு இறங்குவது வேலைக்காகாது, இரண்டாவது பிடியிலேயே உரிந்துவிடும். அந்த நாட்களில் ஓட்டம், கயிறு ஏறுதல், கால் அசைவுப் பயிற்சி என்று தனியே செய்யலாம். அணியிலிருந்து தள்ளி வைத்ததாகப் பிள்ளை நினைக்காதபடி மாஸ்டர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றிலும் அவசரமானது ஹேர்ப்பிஸ் என்னும் வைரஸ் தொற்று. 1989இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் நடந்த ஒரு மல்யுத்த முகாமில் 175 பேரில் 60 பேருக்கு அது தொற்றியது. மற்றவருக்கு அது உதட்டடிக் கொப்புளம், கரப்பான் உள்ளவருக்கு உடம்பெங்கும் பரவும் ஆபத்து. ஒரே அளவான சின்னக் கொப்புளங்கள் கூட்டமாக வந்து, உடைந்து குழி குழியாகி, அரிப்பை விட வலி கூடிக் காய்ச்சலும் அடித்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். கண்ணருகில் என்றால் இன்னும் அவசரம். வேறு எந்தக் கிறீமும் பூசாமல் அன்றிரவே மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போய், "கரப்பான் உள்ள பிள்ளை, மல்யுத்தம் பழகுது, இந்தக் கொப்புளம் நேற்றுத்தான் வந்தது" என்று முதல் வாயிலேயே சொல்லுங்கள். அதற்கு மருந்து உண்டு, எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. அந்த வாரம் அந்தப் பிள்ளையோடு பிடித்தவர்கள் யார் யார் என்று மாஸ்டருக்கும் அன்றே தெரிய வேண்டும், அவர்களின் தோலையும் பார்க்க வேண்டும்.