கல்லா, செங்கல்லா: ஹான் காலக் கல்லறைகளின் இருவகைப் புடைப்புச் சிற்பங்கள்

சீனாவின் ஷாண்டோங் மாகாணத்திலுள்ள ஜியாசியாங்கில், கி.பி. 151இல் மறைந்த வூ லியாங்குக்காகக் கல்லறையருகே எழுப்பப்பட்ட நினைவாலயத்தின் கற்களையும், சிச்சுவானில் செங்டு வட்டாரக் கல்லறைகளின் உட்சுவர்களில் பதிக்கப்பட்ட சுடுமண் செங்கற்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், சீனாவை ஆண்ட பிற்கால ஹான் அரசமரபின் (கி.பி. 25–220) கலையின் இரு முகங்கள் தெரியும்.

வூ லியாங் கற்களில் உருவங்களைச் சுற்றியுள்ள பரப்பைச் செதுக்கித் தாழ்த்தி, உருவங்களை வழவழப்பாகத் தட்டையாகவே விட்டு, கண்ணையும் ஆடை மடிப்பையும் மெல்லிய கீறல்களால் காட்டியிருக்கிறார்கள். ஒரு காட்சியில், பின்னாளில் சீனாவின் முதல் பேரரசனான சின் நாட்டு அரசனைக் கொல்ல வந்த ஜிங் கே எறிந்த குறுவாள் தூணில் பாய்ந்து நிற்கிறது; அரசன் மறுபுறம் ஓடுகிறான்; அவனுக்குக் காட்டக் கொண்டுவந்த எதிரியின் தலை திறந்த பெட்டியில் கிடக்கிறது. பல கணங்களை ஒரே காட்சியில் அடக்கிய இந்தத் துணிவு வியக்கத்தக்கது. பார்க்க வருவோருக்கு அறத்தையும் வரலாற்றையும் எடுத்துச்சொல்லவே இவை அமைந்தன.

சிச்சுவான் செங்கற்கள் அச்சில் அழுத்தி வார்க்கப்பட்டவை. ஆதலால் ஒரே காட்சி வெவ்வேறு கல்லறைகளிலும் வரக்கூடும். புகழ்பெற்ற ஒரு செங்கல்லின் மேற்பகுதியில் தாமரைக் குளக்கரையில் அமர்ந்த வில்லாளர்கள் பறவைகளைக் குறிபார்க்கிறார்கள். கீழே வயலில் அறுவடை நடக்கிறது. உப்புக் கிணற்றில் உவர்நீர் இறைக்கும் காட்சியும் உண்டு. செதுக்குத் திறனில் வூ லியாங் கற்களே உயர்ந்தவை என்றாலும், அக்கால உழைப்பை அறிய விரும்புவோர் இந்தச் செங்கற்களிலிருந்தே தொடங்க வேண்டும் என்பேன்.